கடைசி ஐந்து வரிகளை அழித்துவிட்டு வாருங்கள்

பெங்களூருக்கு இன்டர்வியூவுக்காக ராத்திரி பஸ் ஏறும் தங்கைகளுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் தர்மபுரிக்காரி. 2006-இல் இந்த ஊருக்கு வந்தேன். சில வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னேன். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நீங்கள் மடிவாளாவிலும் சில்க் போர்டிலும் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். தோளில் ஒரு பை, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எல்லாம் அதற்குள் வரிசையாக இருக்கும். யாராவது ஒரு தோழியின் பி.ஜி.யில் வரிசையில் நின்று குளித்து, பைக்குள் கசங்காமல் மடித்து வைத்த சுடிதாரை உடுத்திக்கொண்டு பத்து மணிக்குள் ஒயிட்ஃபீல்டுக்கோ மான்யதாவுக்கோ போய்ச் சேருவீர்கள். டெக்னிக்கல் ரவுண்டுக்கு மாசக்கணக்கில் படித்திருப்பீர்கள். ஆனால் கடைசி ரவுண்டில், எல்லாம் முடிந்து பேனாவை மூடும் நேரத்தில், “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று ஒரு கேள்வி வரும். அதற்கு உங்களை யாரும் தயார்படுத்தியிருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் அந்த ஃபைலைத் திறந்து உங்கள் ரெஸ்யூமின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ‘பர்சனல் டீடெய்ல்ஸ்’ என்று தலைப்புப் போட்டு, தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, மதம், வீட்டு முகவரி என்று ஐந்து வரி. சிலர் சாதிப் பிரிவையும் சேர்த்திருப்பார்கள். அதற்குக் கீழே, மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஓர் உறுதிமொழி, கையெழுத்து, இடம், தேதி. கல்லூரியில் யாரோ ஒரு சீனியர் கொடுத்த மாதிரிப் படிவம், வருஷா வருஷம் கைமாறி வருகிறது. கல்யாணத் தரகரிடம் ஜாதகத்தோடு கொடுக்கும் பயோடேட்டாவிலும் ஏறக்குறைய இதே வரிகள்தான் இருக்கும். யாரும் கேட்பதற்கு முன்பே நாமே பதிலை அச்சடித்துக் கொண்டுபோய் நீட்டுகிறோம். வேலைக்குத் தேவை உங்கள் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், படிப்பு, அனுபவம். மற்றதை அழித்துவிடுங்கள். அழித்ததற்காக ஒரு ரெஸ்யூம் ஒதுக்கப்பட்டதை நான் இதுவரை பார்த்ததில்லை. இருந்ததற்காக ஒதுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊரில் இப்படிக் கேட்பது பழக்கம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். உண்மைதான். பஸ் கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் பக்கத்து சீட் பாட்டி எல்லாவற்றையும் கேட்டிருப்பார். “எந்த ஊரு கண்ணு? கல்யாணம் ஆச்சா? எத்தனை பசங்க? வூட்டுக்காரர் என்ன பண்றாரு?” நீங்கள் என்ன பதில் சொன்னாலும், டீக்கு பஸ் நிற்கும்போது “நீ போயிட்டு வா, பையை நான் பாத்துக்கறேன்” என்பார். அந்த விசாரிப்பில் பாசம் இருக்கிறது. பதிலால் உங்களுக்கு எந்த நஷ்டமும் வராது. ஏ.சி. அறையில் அதே கேள்வியைக் கேட்பவரும் பாட்டி மாதிரியே சிரித்துக்கொண்டுதான் கேட்பார். ஆனால் அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. உங்கள் வேலை அந்தத் தாளில் இருக்கிறது. நீங்கள் திருப்பி “உங்களுக்கு எத்தனை குழந்தை சார்?” என்று அவரைக் கேட்க முடியாது. ஒருவர் மட்டுமே கேட்க முடிகிற இடத்தில் நடப்பதற்கு ஊர் விசாரிப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

2009-இல் கோரமங்களாவில் ஒரு சின்ன கம்பெனிக்குப் போனேன். கல்யாணமாகி எட்டு மாதம். மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நல்லவர்கள்தான், மரியாதையாகப் பேசினார்கள். கடைசியில் ஒருவர், “இப்போதைக்குக் குழந்தைக்கு பிளான் எதுவும் இல்லையே?” என்று கேட்டார். அதற்கு ஐந்து வாரம் முன்புதான் எனக்குக் கரு கலைந்திருந்தது. மேசைமேல் இருந்த பேப்பர் கப்பைப் பார்த்தேன். காபியின்மேல் ஆடை படிந்து, நடுவில் சுருங்கியிருந்தது. “இல்லை சார்” என்றேன். சிரிக்கவும் செய்தேன். வேலை கிடைத்தது. ரொம்ப நாள் அந்தச் சிரிப்பை நினைத்து என்மேலேயே கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. வீட்டு வாடகை இருந்தது, ஊரில் அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் இருந்தது. வேலை வேண்டும் என்பதற்காகப் பதில் சொன்ன எவளும் தாழ்ந்துபோய்விடவில்லை. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நம் பக்கத்துக் கதை ஒன்று உலகச் செய்தியானது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட விசாரணை அது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு, 2023 மார்ச்சில், வாட்ஸாப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து இரண்டு சகோதரிகள் போனார்கள். இருவரும் இருபதுகளில் இருந்தவர்கள். இன்டர்வியூ அறை வரைக்கும் அவர்கள் போகவே இல்லை. கேட்டில் நின்ற காவலர் “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டார், ஆயிற்று என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஆலையின் அசெம்ப்ளி வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ஆள் எடுக்கும் ஏஜென்டுகளும் முன்னாள் ஹெச்.ஆர். ஊழியர்களும் ராய்ட்டர்ஸிடம் சொன்னார்கள். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு என்று காரணங்கள். தாலியும் மெட்டியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல் என்றுகூட ஒரு காரணம். நிறுவனம் மறுத்தது, 2022-இல் சில குறைபாடுகள் இருந்தன, சரிசெய்துவிட்டோம் என்றது. ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆலைக்குப் போன தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் நிறுவனமே கொடுத்த கணக்குப்படி, 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் ஊழியர்களில் திருமணமானவர்கள் சுமார் 8 சதவீதம். நம் ஊரில் இருபது, இருபத்தைந்து வயதில் எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதே நிறுவனம் இப்போது பெங்களூரை ஒட்டி தேவனஹள்ளிப் பக்கம் பெரிய ஆலை நடத்துகிறது. 2025-இல் உற்பத்தி தொடங்கிவிட்டது. விளம்பரங்களில் திருமணம், வயது, பாலினம் பற்றி எதுவும் போடக் கூடாது என்று ஏஜென்டுகளுக்குச் சொல்லப்பட்டதாக 2024 கடைசியில் செய்தி வந்தது. விளம்பரத்திலிருந்து போனது நல்லதுதான். கேட்டில் நிற்பவரின் வாயிலிருந்தும் போயிருக்க வேண்டும்.

இது ஆலை வேலைக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்காதீர்கள். குடகு விராஜ்பேட்டையில் பிறந்து, சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சி.பி. முத்தம்மா, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். 1948-இல் தேர்வு எழுதினார். நேர்முகத் தேர்வில் இருந்தவர்கள், பெண்ணுக்கு இது ஒத்துவராது என்று அவரை வெளியுறவுப் பணியிலிருந்து விலக்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. 1949-இல் சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. முப்பது வருஷம் கழித்து, பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெண் அதிகாரி திருமணத்துக்கு அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்குத் தடை என்று அரசு கருதினால் அவர் விலக வேண்டும் என்று அப்போதும் விதி இருந்தது. 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், குடும்பம் பெண்ணின் வேலைக்குத் தடை என்றால் ஆணின் வேலைக்கும் அது தடைதானே என்று கேட்டார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். விதிகளைத் திருத்துங்கள் என்று நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. முத்தம்மா 2009 அக்டோபரில் இதே பெங்களூரில் காலமானார். ஒரு நாட்டின் தூதராகப் போகக்கூடியவரிடமே இதைத்தான் கேட்டார்கள். உங்களிடம் கேட்பது உங்கள் குறையால் அல்ல.

எல்.ஐ.சி. வழக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1989-இல் டெல்லியில் உதவியாளர் வேலைக்குத் தேர்வான ஒரு பெண்ணிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருச்சிதைவு ஆனதுண்டா, இப்போது கர்ப்பமா என்று வரிசையாகக் கட்டங்கள். அவர் ஏதோ நிரப்பினார். வேலையில் சேர்ந்து, பேறுகால விடுப்பு எடுத்து, குழந்தை பிறந்ததும், படிவத்தில் தப்பான தேதி கொடுத்தீர்கள் என்று பயிற்சிக் காலத்திலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. பொய்யைவிடப் பெரிய பிழை அந்தப் படிவத்தில் இருந்தது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்தக் கட்டங்களைப் படிவத்திலிருந்தே நீக்கவும் எல்.ஐ.சி.க்குச் சொன்னது. ‘நீரா மாத்தூர் வழக்கு’ என்று சட்டம் படிக்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறது என்று நான் ஆசை காட்ட மாட்டேன். தனியார் கம்பெனியில் ஒருவர் “கல்யாணம் ஆச்சா?” என்று கேட்பதையே குற்றம் என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் சொன்னது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி தொடர்கிறது. ஆனால் காரணத்தை யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? பேறுகால விடுப்பு 2017-இல் 26 வாரம் ஆனது. ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அந்தச் சம்பளம் முழுவதையும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். கேள்வி கேட்பவர் மனதில் ஓடும் கணக்கு பெரும்பாலும் இதுதான். அந்தச் செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள அரசு ஒரு வழி செய்திருந்தால் பாதிக் கேள்விகள் எழாது என்பது என் எண்ணம். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு, வேலை உறுதியாகும் முன் உடல்நலம் பற்றிக் கேட்கவே கட்டுப்பாடு உண்டு. ஜெர்மனியில், கர்ப்பமா என்று கேட்டால் நீங்கள் பொய்யே சொன்னாலும் அதை வைத்து வேலையைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றங்கள் நிலைநாட்டிவிட்டன. நமக்கு இருக்கும் பெரிய துணை, தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் வந்த தீர்ப்பு. அதற்கு வழக்குப் போட்ட கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி, பெங்களூரில் வாழ்ந்தவர். எண்பது வயதுக்கு மேல் வழக்குப் போட்டார். அந்த உரிமை முதலில் அரசை நோக்கியது. நாளைக்கே உங்கள் ஹெச்.ஆர். அறைக்குள் வந்துவிடாது. ஆனாலும் அங்கே உட்காரும்போது அது உங்கள் மனதில் இருக்கட்டும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது, தமிழர்களுக்கென்றே வருவது. “ஆர். என்றால் என்ன?” ராஜேந்திரன், என் அப்பா பெயர் என்பீர்கள். “அது சரி, சர்நேம் என்ன?” சர்நேம் இல்லை என்பீர்கள். “அப்போ கம்யூனிட்டி?” கேட்பவர் சில சமயம் நிஜமாகவே புரியாமல் கேட்பார், வடக்கே பெயர் முறை வேறு. சில சமயம் நன்றாகப் புரிந்துகொண்டுதான் கேட்பார். உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடுவது என்று தீர்மானித்தார்கள். பெரியாரும் மற்றவர்களும் தங்கள் பட்டத்தை விட்டார்கள். உங்கள் தாத்தா காலத்தில் கஷ்டப்பட்டுக் கழற்றிப் போட்டதை ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக நீங்கள் திரும்ப எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். “எங்கள் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் சார், வேறு எதுவும் கிடையாது” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதுதான் முக்கியம். மௌனம் சங்கடமாக இருக்கும், அதை நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள்.

“அப்பா என்ன பண்றார்?” என்பதும் அதே குடும்பத்துக் கேள்விதான். 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். டெல்லிப் பக்கத்துப் பெரிய கம்பெனிகளின் ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசி எழுதியது. எங்களுக்குத் திறமைதான் முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். இரண்டும் முரண்படுவதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. பெங்களூரு ஐ.டி. உலகத்தைப் பற்றி இங்கே நியாஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து கரோல் உபாத்யா அதே வருஷம் எழுதியதும் இதை ஒட்டியதுதான்: தகுதிக்கு மட்டுமே இடம் என்று சொல்லிக்கொள்ளும் இத்துறையில் நகரத்து, நடுத்தர, மேல்சாதிக் குடும்பத்தினரே மிகுதி என்றார். உங்கள் அப்பா கட்டட வேலை செய்கிறார் என்றால் தலை குனிய வேண்டியதில்லை. சொல்ல விருப்பமானால் நிமிர்ந்து சொல்லுங்கள். சொல்லியே தீர வேண்டிய கட்டாயமும் இல்லை. “வீட்டில் எல்லோரும் நலம் சார், நான்தான் முதல் பட்டதாரி” என்றால் கேட்பவர் பெரும்பாலும் உங்கள் படிப்புப் பக்கம் திரும்பிவிடுவார்.

கல்யாணக் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பின்னால் வேலை சம்பந்தமான ஒரு பயம் இருக்கும்: இவள் நைட் ஷிஃப்ட் பார்ப்பாளா, ஆறு மாதத்தில் விட்டுப் போவாளா. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள், கல்யாணத்தை விட்டுவிடுங்கள். “வேலை நேரம் என்ன, நைட் ஷிஃப்ட் உண்டான்னு சொல்லுங்க சார். என்னால முடியும்னா முடியும்னு இப்பவே சொல்லிடறேன்.” ஆங்கிலத்தில்தான் சொல்லப் போகிறீர்கள்; ஆனாலும் முந்தின ராத்திரி பஸ்ஸில் தமிழில் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நம் மொழியில் கூசாமல் வந்தால் எந்த மொழியிலும் வரும். இரண்டாம் முறையும் விடாமல் கேட்டால், “அது என் சொந்த விஷயம், இந்த வேலையை அது பாதிக்காது” என்று மெதுவாகச் சொல்லலாம். சொன்னதற்காக வேலை போகலாம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று வேலை மிக அவசரமாகத் தேவைப்பட்டால் பதில் சொல்லிவிட்டுச் சம்பளத்தை வாங்குங்கள். எது என்பதை உங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து வீரம் பேசுகிறவர்கள் உங்கள் வாடகையைக் கட்டப் போவதில்லை.

பழைய சம்பளத்தில் மட்டும் பொய் வேண்டாம். பேஸ்லிப் கேட்பார்கள், பி.எஃப். கணக்கைப் பார்ப்பார்கள், பின்னணிச் சரிபார்ப்பில் பிடித்துவிடுவார்கள். ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் வேலை போகும். கலிஃபோர்னியாவில் 2018 முதல் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. இங்கே கேட்பார்கள். முதலில் நீங்கள் எதிர்பார்க்கும் தொகையைச் சொல்லுங்கள், பழையதைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

“கன்னட பருத்தா?” என்று கேட்டால் மட்டும் மனம் கோணாதீர்கள். வந்த ஊரின் மொழியைக் கேட்கிறார்கள். “கலீத்தா இத்தீனி” என்று சொல்லுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சொன்னபடி கற்றுக்கொள்ளவும் செய்யுங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது 2013-இல் நடந்தது. அப்போதுதான் முதன்முதலாக என்னைத் தேர்வுக் குழுவில் உட்கார வைத்திருந்தார்கள். சேலம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். டெஸ்டில் அவள் எழுதியிருந்த கோட் அன்று வந்தவற்றிலேயே மிகச் சுத்தமாக இருந்தது. எங்கள் மூத்தவர் அவள் ரெஸ்யூமின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். திருமண நிலை என்ற வரியைப் பென்சிலால் மெலிதாகச் சுழித்து, ஓரத்தில் ‘4 மாதம்’ என்று எழுதினார். அவள் போகும்போது கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாகத் தெரிந்தது. தாளை அவர் பக்கத்திலிருந்த அடுக்கில் கவிழ்த்து வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதைக்குப் பொருத்தமான இடம் இல்லை என்று அவளுக்குப் போன மின்னஞ்சலை அனுப்பியது நான்தான்.

இப்போது என் குழுவுக்கு வரும் ரெஸ்யூம்களை முதலில் நான் பார்க்கிறேன். அந்தக் கடைசிப் பகுதியை மறைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்புகிறேன். போன வாரம் பதினொன்று வந்தன. ஒன்பதில் அந்த ஐந்து வரிகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து கறுப்பு அடித்தேன். அடுத்த வியாழக்கிழமைக்கு இன்னும் ஆறு பேர் வருகிறார்கள்.

அன்புடன்,
மடிவாளாவிலிருந்து உங்கள் அக்கா